பதினாலாம் நம்பர் வீட்டில் எத்தனை அடுப்பு?

பட்டியலைக் கோவில் பலகையில் ஒட்டியது திங்கட்கிழமை காலையில். புஷ்பவள்ளி அதைப் பார்த்தபோது மாலை ஆறு மணி. சுங்கை காடுட்டில் அவள் பாத்திரம் கழுவுகிற பேக்டரியின் பஸ் அப்போதுதான் அவளைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டிருந்தது. அதற்குள் ஒன்பதாங்கட்டைத் தோட்டமே அதைப் படித்து முடித்துவிட்டது. பாதி வீடுகளில் சண்டையும் ஆரம்பித்தாகிவிட்டது.

பட்டியலின் தலைப்பில் மொத்தக் கணக்கு இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் நாற்பத்தாறு. ஆள் இருப்பவை நாற்பத்தொன்று, பூட்டிக் கிடப்பவை ஐந்து. ஆட்கள் நூற்று அறுபத்தெட்டு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஐம்பத்திரண்டு பேர், பதினெட்டுக்குக் கீழே இருபத்தொன்பதே பேர். பிள்ளைகள் எல்லாம் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட கதையை அந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன. கடைசி வரியில், குடும்பங்கள் நாற்பத்து மூன்று.

அந்தக் கடைசி வரிதான் எல்லாருக்கும் முக்கியம். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டை வாங்கியிருந்த கம்பெனி அங்கே தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டப் போகிறது. வருடக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பதிலாகக் கோலா பிலா ரோட்டோரம் கட்டி முடித்த மூன்று ரூம் வீடுகளில், குடும்பத்துக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று இல்லை, லயத்து வீட்டுக்கு ஒன்று என்றும் இல்லை. குடும்பத்துக்கு ஒன்று.

பதினாலாம் நம்பருக்கு நேராக விரலை வைத்துப் பார்த்தாள். குடும்பத் தலைவர் மணியம். ஆட்கள் ஐந்து. குடும்பம் ஒன்று.

விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தால் என்ன, ஒன்று ஒன்றுதான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தேழு. கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே வாழ வந்தவள். பால்மரம் இருந்தவரை பால் வெட்டினாள், செம்பனை வந்ததும் உதிரிப் பழம் பொறுக்கினாள், அதற்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்தபின் பேக்டரிக்குப் போனாள். புருஷன் தங்கராஜு பழ லோரி ஓட்டியவன். ஆறு வருடத்துக்கு முன்பு லோரியை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் புனிதா சிரம்பானில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள், சனிக்கிழமைதோறும் மத்தியான பஸ்ஸில் வருவாள். மணியம் தங்கராஜுவின் அண்ணன். ரோகினி அவர் பெண்டாட்டி, அதாவது புஷ்பவள்ளிக்கு ஓரகத்தி. அவர்களுக்குச் சுகுமாறன் என்று ஒரு மகன், அடுத்த வருடம் கல்யாணம். இந்த ஐந்து பேர்தான் பதினாலாம் நம்பர்.

ஐந்து பேர் என்பது சரி. ஒரு குடும்பம் என்பதுதான் பொய்.

தங்கராஜுவின் பதினாறாம் நாள் காரியத்தன்று அவனுடைய படத்தை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தது. படம் தன் அறையில்தான் இருக்க வேண்டும் என்றாள் புஷ்பவள்ளி. தம்பி படம் நாலு பேர் வந்து போகிற ஹாலில்தான் இருக்க வேண்டும் என்றார் மணியம். ரோகினி நடுவில் வந்து, “உயிரோட இருந்தப்ப ஒழுங்கா பாத்துக்கல, இப்ப படத்தைப் பாத்துக்கப் போறாளாம்” என்று ஒரு வார்த்தையை விட்டாள். அவ்வளவுதான். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்த புஷ்பவள்ளி, மறுநாள் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வாங்கி வந்து தன் அறையில் வைத்தாள். படம் ஹாலிலேயே மாட்டப்பட்டது. அன்றிலிருந்து பதினாலாம் நம்பரில் இரண்டு சமையல். இரண்டு வருடம் கழித்து மண்ணெண்ணெய் அடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்தது.

அதற்குப் பிறகு ரோகினி அவளிடம் நேராகப் பேசியதே இல்லை. பேச வேண்டியதைக் கோழியிடம் பேசுவாள். “ஏ கோழி, சில பேரு குழாயத் தொறந்து விட்டுட்டுப் போயிர்றாங்க, தண்ணி என்ன சும்மாவா வருது?” புஷ்பவள்ளி பதிலை வாளியிடம் சொல்லுவாள். இப்படியே ஆறு வருடம்.

ஆனால் மணியத்துக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அவர் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த பழைய மண்டோர், இப்போது மாரியம்மன் கோவில் தலைவர். தோட்டத்தில் எந்த வீட்டில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டாலும் பஞ்சாயத்துக்குப் போவது அவர்தான். திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் ஒற்றுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசாமல் விடமாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே தனிச் சமையல் என்றால் வெளியே தலை காட்ட முடியுமா? அதனால் பேசாமலே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. வெளியாள் வந்தால் அவர் வாசலிலிருந்தே, “வாங்க, வாங்க!” என்று பெரிய குரலில் சத்தம் கொடுப்பார். உடனே புஷ்பவள்ளி அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கேஸ் சிலிண்டரைக் குளியலறைக்கு உருட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோகினியின் சமையல்கட்டில் போய் நின்று வெங்காயம் உரிப்பாள். வந்தவர் காப்பி குடித்துவிட்டுப் போனதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக்கு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் லயத்து மரியாதை.

இந்தப் பட்டியலுக்காக மார்ச் மாதம் கணக்கெடுக்க வந்த மயூரியும் வெளியாள்தானே. முப்பது வயதுப் பெண், சிரம்பானில் வளர்ந்தவள், சிலோன்காரக் குடும்பம். அவள் கோப்பைப் பிடித்துக்கொண்டு படியேறியதும், “வாங்க மிஸ், வாங்க!” என்றார் மணியம். அடுப்பு கட்டிலுக்கு அடியில் போயிற்று. “ஒரே சமையலா அங்கிள்?” என்று கேட்டதற்கு, “ஒரே குடும்பம், ஒரே சோறு” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மயூரி எழுதிக்கொண்டு, சாட்சிக்கு வீட்டில் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டது யார்? நம் புஷ்பவள்ளிதான். கையில் வெங்காய வாடையோடு, சிரித்த முகமாக, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். சமையலை எதற்குக் கேட்கிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்கு என்ன தெரியும்?

இப்போது பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரை ஒன்றாக இருந்தாலும் சமையல் தனியென்றால் தனிக் குடும்பம். ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். அதற்கு மேல் மாற்றம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரை படித்த மலாய் அதற்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் பின்வாசலில் ரோகினி கோழிக்குச் சொன்னது அவள் காதில் விழுந்தது. “புது வீட்ல ரூமு மூணுதான். எங்களுக்கு ஒண்ணு, சுகுமாறன் பொண்டாட்டியோட வந்தா ஒண்ணு, சம்பந்தி வந்தா தங்க ஒண்ணு. வேற யாருக்கும் எடம் கெடையாது. சொல்லிட்டேன்.”

சொன்னது கோழிக்கு. சுருக்கென்று தைத்தது புஷ்பவள்ளிக்கு. சிரம்பானில் ஒரு ரூம் வாடகையே அவள் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். பழைய பெட்டியும் அடுப்புமாக எந்த வாசலில் போய் நிற்பது? சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்குகிற புனிதா இனி எந்த வீட்டுக்கு வருவாள்? அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்குள் தோட்டத்தில் வேறொரு கூத்து நடந்தது. சமையல் தனியென்றால் வீடு தனி என்ற செய்தி பரவியதும், கோலா பிலா பசாரில் மலிவு அடுப்பெல்லாம் காலியாகிவிட்டது. இருபது வருடமாக ஒரே பானையில் சாப்பிட்ட குடும்பங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரிந்தன. எதிர்வீட்டு மோகனா தன் மாமியாருக்கு ஒரு அடுப்பை வாங்கி வைத்து, “இனிமே நீங்க தனி லா, மறந்துடாதீங்க” என்று பாடம் சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாவுக்குக் காது மந்தம். “என்னைய ஏன்டி தனியா வெக்கிற, நான் என்ன பண்ணேன்?” என்று ஒரே அழுகை. மொத்தம் பதினேழு ஆட்சேபங்கள். நாற்பத்தொரு வீட்டில் அறுபது குடும்பம்!

ஊரே பொய்யாகப் பிரிகிறது. நிஜமாகப் பிரிந்த மணியம் வீடு மட்டும் ஒற்றுமையாக இருக்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வியாழக்கிழமை சாயங்கால பூஜை முடிந்ததும் புஷ்பவள்ளி கோவிலில் மணியத்தைப் பிடித்தாள். அவர் உண்டியலுக்குப் பக்கத்தில் பூமாலை நாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, சனிக்கிழம அந்த மிஸ் வந்தா உண்மைய சொல்லிருங்க. எனக்கு வேற போக்கிடம் இல்ல.”

அவர் நிமிரவில்லை. “என்னா உண்மை?”

“சமையலு தனின்னு. ஒரு வார்த்த போதும்.”

“ஒரு வார்த்தையா? மோகனா வீட்டுக்கு நேத்துத்தான் போயி, பொய் சொல்லி குடும்பத்த ஒடைக்காதீங்கன்னு புத்தி சொல்லிட்டு வந்தேன் லா. இப்ப நான் எந்திரிச்சு, எங்க வீட்ல ஆறு வருஷமா ரெண்டு அடுப்புன்னு சொன்னா காறித் துப்ப மாட்டானுங்க?” நார் அறுந்தது. “நீ ஏன் பயப்படுற? தம்பி பொண்டாட்டிய நடுத்தெருவுல விட்ருவனா? ஒரு மூலையில இருந்துக்க.”

“மூலைக்கும் அக்கா கணக்குச் சொல்லிட்டாங்க மாமா.”

அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “சாமி முன்னாடி வெச்சு என்னை அசிங்கப்படுத்தாத புஷ்பா” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

கெட்ட மனிதர் இல்லை. தம்பி செத்தபோது மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவர். ஆனால் கௌரவம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கண் மண் தெரியாது. புஷ்பவள்ளிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சரி, அவர் சொல்லாவிட்டால் போகட்டும், கண்ணால் பார்த்தால் அந்த மிஸ்ஸுக்கே தெரியாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தேற்றிக்கொண்டவள் சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். பெரிய வீட்டுப் பிள்ளை, ஆபீசர், தன் அறைக்குள் வரப்போகிறாள். அறையைப் பார்த்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது. அடுப்புக்குப் பின்னால் பலகைச் சுவர் முழுக்கக் கரி. முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெய்ப் புகை, பிறகு நாலு வருடத் தாளிப்புப் புகை, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து இரண்டு கோட் அடித்தாள். அடுப்பைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். அரிசி டின்னுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புதுப் பேப்பர் ஒட்டினாள். வேலை முடிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு தரம் சுற்றிப் பார்த்து, பரவாயில்லை, மானம் போகாது என்று நினைத்துக்கொண்டாள்.

அட, புஷ்பா! வெளியாள் வருகிறார் என்றதும் எதையாவது மறைத்தே பழகிய கை. அன்றைக்கும் மறைத்துவிட்டது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மயூரி வந்தாள். பதினேழு வீட்டையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேடிக்கை பார்க்கிற கூட்டம் அவள் பின்னாலேயே நகர்ந்தது. மோகனா வீட்டில் புது அடுப்பின் அடியில் விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் அடுப்பு இருந்தது, கேஸ் குழாய் இல்லை. வேறொரு வீட்டில் மருமகள் தன் தனிச் சமையலைக் காட்ட, உப்பு எங்கே என்று மயூரி கேட்டதும் மாமியார் சமையல்கட்டுக்கு ஓடினாள். பதினொரு மணிக்குள் பன்னிரண்டு ஆட்சேபங்களை அடித்துவிட்டாள். வெயில் ஏறியதில் அவளுடைய பொறுமையும் போய்விட்டிருந்தது.

“அக்கம்பக்கத்துச் சாட்சி எதுவும் வேணாம். எல்லாரும் எல்லாருக்கும் சாட்சி சொல்றீங்க” என்று சொல்லிக்கொண்டே பதினாலாம் நம்பர் படியில் கால் வைத்தாள்.

“வாங்க மிஸ், வாங்க!” என்றார் மணியம். பழக்க தோஷத்தில் புஷ்பவள்ளியின் கால் கட்டில் பக்கம் நகர்ந்தது. பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

மயூரி நேராக அவளுடைய அறைக்குள் வந்தாள். பளபளக்கிற அடுப்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. சுவரில் விரலை வைத்தாள், நுனியில் வெள்ளையாக ஒட்டியது.

“எப்ப வாங்கின அடுப்பு அக்கா இது?”

“நாலு வருஷம் ஆச்சு மிஸ். அதுக்கு முன்னாடி மண்ணெண்ணெ அடுப்பு.”

“நாலு வருஷம்.” மயூரி விரலைத் துடைத்துக்கொண்டாள். “நாலு வருஷம் சமைச்ச எடத்துல ஒரு பொட்டுக் கரி இல்லையா?”

அப்போதுதான் புஷ்பவள்ளிக்குப் புரிந்தது. “நேத்துத்தான் மிஸ் பெயிண்ட் அடிச்சேன். நீங்க வர்றீங்கன்னு... கரியா இருந்துச்சு மிஸ், சத்தியமா. முழுக்கக் கரி.” சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மயூரி கோப்பைத் திறந்து மார்ச் மாதப் பாரத்தை எடுத்தாள். “இது உங்க கையெழுத்துத்தானே? ஒரே சமையல்னு நீங்களே போட்டிருக்கீங்க.”

புஷ்பவள்ளி தலையை மட்டும் ஆட்டினாள்.

மயூரி ஹாலுக்கு வந்து மணியத்தின் எதிரில் நின்றாள். இனி அவர் வார்த்தைதான். கூட்டம் படியில் நெருக்கியடித்து நின்றது. “அங்கிள், நீங்க குடும்பத் தலைவர். கோவில் தலைவரும் நீங்கதான்னு சொன்னாங்க. உங்ககிட்ட மட்டும் கேக்குறேன். சமையல் ஒண்ணா, ரெண்டா?”

மணியம் கூட்டத்தைப் பார்த்தார். தான் புத்தி சொன்ன அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். மோகனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்வரிசையிலேயே நின்றாள். ஒரு கணம் அவருடைய கண் புஷ்பவள்ளியிடம் வந்தது. பிறகு விலகிவிட்டது.

“எங்க குடும்பத்துல பிரிவினையே கெடையாது மிஸ். ஒரே சோறு.”

புஷ்பவள்ளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது. மயூரி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“மிஸ், கொஞ்சம் நில்லுங்க.”

குரல் சமையல்கட்டு வாசலிலிருந்து வந்தது. ரோகினி. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலி ஒன்றை இழுத்து வந்து, அறையையும் ஹாலையும் பிரிக்கிற பலகைச் சுவருக்கு அடியில் போட்டாள். லயத்து வீட்டில் உள்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அந்தச் சுவரில்தான் தங்கராஜு படம் மாட்டியிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு ரோகினி நாற்காலிமேல் ஏறினாள்.

“என்னா பண்ற?” என்றார் மணியம்.

அவள் படத்தைக் கழற்றினாள்.

படம் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று சதுரமாகத் தெரிந்தது. அப்போதுதான் சுற்றிலும் இருந்த சுவரின் நிறம் கூட்டத்துக்குத் தெரிந்தது. மேலே இடைவெளியிலிருந்து கீழ் வரைக்கும் பழுப்பும் கறுப்புமாக ஒழுகியிருந்தது. மற்ற மூன்று சுவர்களும் போன தீபாவளிப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தன.

“வந்து தொட்டுப் பாருங்க மிஸ்” என்றாள் ரோகினி. “நாங்க ஹால்ல சமைக்கிறது இல்ல. என் சமையல்கட்டு அந்தக் கோடியில இருக்கு. இது எங்கேர்ந்து வந்த கரி? மோந்து பாருங்க, சாம்பிராணிப் பொகையா இது?”

“ரோகினி, வாய மூடு.”

“நீங்க மூடுங்க!” அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதுவரை எழுந்ததில்லை. “வர்றவங்ககிட்டயெல்லாம் சாம்பிராணிப் பொகைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. ஆறு வருஷம் மிஸ்! ஆறு வருஷமா இவ தாளிக்கிற பொகையெல்லாம் செவுரு ஏறி என் ஹாலுக்குத்தான் வருது. திங்கக்கெழம ரசம். வேலை விட்டு வந்து அலுத்துப்போனா வெறும் முட்டை. ஞாயித்துக்கெழம நெத்திலிச் சம்பல், அன்னிக்கு எனக்குத் தும்மி முடியாது. மக வர்ற சனிக்கெழம மட்டும் கோழி. வெள்ளிக்கெழம ஒண்ணும் வராது, வெரதம். அந்த மனுஷன் செத்த தேதி வந்தா ரெண்டு நாளைக்கு அடுப்பே எரியாது, பட்டினி கெடப்பா. எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் மூணு செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சேன், இதுக்கு மட்டும் அடிக்க விடல. என்னிக்காவது யாராவது கேட்டா, பாருங்க இவ என் வீட்டை என்ன பண்ணி வெச்சிருக்கான்னு காட்டணும்னு வெச்சிருந்தேன். இன்னிக்கித்தான் ஒரு ஆளு வந்து கேட்டிருக்கு.”

மூச்சு வாங்கியது அவளுக்கு. மோகனாகூட இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

மயூரி நாற்காலி ஓரமாக எட்டிச் சுவரைத் தொட்டாள். விரல் பிசுபிசுவென்று கறுப்பாக வந்தது. வெள்ளைச் சதுரத்தின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்தப் படம் எப்ப மாட்டினது?”

“செத்த பதினாறாம் நாளு. தேதி படத்துலயே போட்டிருக்கு.”

மயூரி படத்தின் அடியில் விரலால் தேய்த்துவிட்டுத் தேதியைப் படித்தாள். கைப்பேசியில் சுவரைப் படம் எடுத்தாள். பிறகு மணியத்தைப் பார்த்தாள். “அங்கிள்?”

மணியம் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், பெண்டாட்டி விழுந்துவிடக் கூடாது என்று. தலை குனிந்திருந்தது. “ரெண்டுதான் மிஸ்” என்றார். “ஆறு வருஷமா ரெண்டுதான்.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வேர்த்துக் கொட்டிவிட்டது.

மயூரி எழுதினாள். பதினாலாம் நம்பர், ஆட்கள் ஐந்து, குடும்பம் இரண்டு. இரண்டாவது குடும்பத் தலைவர் புஷ்பவள்ளி. மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். புஷ்பவள்ளியின் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

மயூரி அடுத்த வீட்டுக்குப் போனாள். கூட்டமும் அவள் பின்னால் போயிற்று. மணியம் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஹாலில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள்.

ரோகினி நாற்காலியிலிருந்து இறங்கினாள். படத்தின் கண்ணாடியில் ஆறு வருடப் பிசுக்கு படிந்திருந்தது. சீலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். முதலில் மீசை தெரிந்தது, பிறகு கண். துடைத்த படத்தை நீட்டினாள்.

“இந்தா. ரெண்டு வீடு ஆயிருச்சில்ல. உன் வீட்ல மாட்டிக்க.”

ஆறு வருடத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. கோழி பக்கத்தில் இல்லை.

புஷ்பவள்ளி படத்தை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். வீடு கிடைத்த சந்தோஷம்தான் வர வேண்டும். வந்தது அழுகை. கட்டுப்படுத்த முடியாமல் ஓவென்று அழுதாள். தனக்கு எந்த நாளில் பசித்தது, தான் எந்த நாளில் பட்டினி கிடந்தாள் என்று இந்த உலகத்தில் ஒருத்தி கணக்கு வைத்திருந்தாள். அந்த ஒருத்தியிடமிருந்துதான் அவள் இன்றைக்குச் சட்டப்படி பிரிந்திருக்கிறாள்.

“அழுவாத. அழுவுறதுக்கு என்னா இருக்கு இப்ப” என்று அதட்டினாள் ரோகினி. காலை ஏழு மணியிலிருந்து ஆபீசருக்காகக் காத்திருந்ததில் யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

புஷ்பவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். படத்தைக் கட்டில்மேல் வைத்தாள். பளபளக்கிற அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டாள். மூன்று கோப்பையில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மணியம் திரும்பிப் பார்த்தார், நம்பாதவர் மாதிரி. ரோகினிக்கு இனிப்புக் குறைவு என்பது புஷ்பவள்ளிக்கு மறந்திருக்கவில்லை.

ரோகினி கோப்பையை நோக்கிக் கையை நீட்டினாள். பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“இரு இரு” என்றாள் தணிந்த குரலில். “அந்தப் பொண்ணோட காரு போயிருச்சா பாரு மொதல்ல.”

மணியம் எழுந்து ரோட்டைப் பார்த்தார். மயூரியின் கார் இன்னும் மூன்று வீடு தள்ளி நின்றுகொண்டிருந்தது. அவர் உள்ளே வந்து, வாசல் கதவைச் சாத்தினார்.